பருவமாற்றமும் பற்றுக்கோடும்

பிறப்புக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட வாழ்க்கை ஒரே சீராக ஓடுவதன்று. அது படிப்படியாக ஏறுவது. ஒரு படியில் நின்று பழகியவன் அடுத்த படியிற் கால் வைக்கும்பொழுது, பழகிய நிலை கைவிட்டுப் போகின்றது. புதிய நிலையோ இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. குழந்தை பள்ளிக்குப் புகுதல், சிறுமி பூப்பெய்தல், இளைஞன் கல்லூரியை விட்டு வெளியேறல், மணம், மகப்பேறு, ஊர்விட்டு ஊர் பெயர்தல், உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெறல், வாழ்க்கைத் துணையை இழத்தல் ஆகிய யாவும் இத்தகைய படிகளே. இவற்றுட் சில இன்பம் தருவன; சில துன்பம் தருவன. எனினும், முன்னை நிலைக்கும் பின்னை நிலைக்கும் இடையே ஒரு வெறுமை தோன்றுதல் இவை அனைத்துக்கும் பொதுவாகும். அவ்விடைக்காலத்திலேயே மனிதன் பெரிதும் தளர்கின்றான். அப்பொழுதே அவனுக்குப் பிறர் துணை வேண்டப்படுகின்றது.

அத்துணையை நம் முன்னோர் எவ்வாறு அமைத்தனர், அவ்வமைப்பு எவ்விடத்து நிறைவுடையது, எவ்விடத்துக் குறைவுடையது, அக்குறையை நிரப்புதற்கு இன்று நாம் செய்யக்கூடியது யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றம் தரும் சுமை

மாற்றம் துன்பமாயின் மட்டுமே மனிதனை வருத்தும் என்பது பொதுமக்கள் எண்ணம். இவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. அமெரிக்க மருத்துவர்களாகிய தோமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் இருவரும் 1967 ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். வாழ்க்கையில் நேரும் 43 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு முயற்சி வேண்டும் என மக்களை மதிப்பிடச் செய்தனர். வாழ்க்கைத் துணையின் இறப்பு 100 என்னும் உச்ச மதிப்பைப் பெற்றது. இது யாவரும் எதிர்பார்க்கத்தக்கதே. ஆயின், மங்கல நிகழ்ச்சியாகிய திருமணம் 50 என்னும் மதிப்பையும், பலரும் விரும்பி எதிர்நோக்கும் ஓய்வு 45 என்னும் மதிப்பையும் அவ்வளவுகோலிற் பெற்றிருத்தல் சிந்திக்கத்தக்கது. இவ்வெண்கள் எல்லா நாட்டார்க்கும் எல்லாக் காலத்தார்க்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. எனினும், இன்பமான மாற்றமும் சுமையே என்னும் உண்மையை அவை நன்கு புலப்படுத்துகின்றன. மணவீட்டில் மணமகள் கண்ணீர் விடுதற்கும், நெடுநாள் விரும்பிய பதவியைப் பெற்றவன் சின்னாள் உறக்கமின்றித் தவித்தற்கும் காரணம் இதுவேயாகும்.

வளர்ச்சி என்பதே இத்தகைய நெருக்கடிகளின் வழியாக நிகழ்வது என்றார் எரிக் எரிக்சன் என்னும் உளநூலறிஞர். 1950 இல் வெளிவந்த தமது நூலொன்றில் அவர் மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாக வகுத்தார். ஒவ்வொரு பருவத்திலும் இருவேறு நிலைகள் ஒன்றோடொன்று முரணி நிற்கும். குழந்தைப் பருவத்திலே நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும், குமரப் பருவத்திலே தன்னை இன்னான் என அறிதலும் அறியாது மயங்குதலும், முதுமையிலே வாழ்ந்த வாழ்வை முழுமையுடையதாக ஏற்றலும் அதனை எண்ணி நம்பிக்கையிழத்தலும் தம்முட் போராடும். அவருடைய கொள்கையில் நாம் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வளர்ச்சி இளமையோடு முடிந்துவிடுவதன்று. எழுபது வயதினனும் வளர்கின்றான். ஆதலின், துணை வேண்டுவோர் சிறுவர் மட்டுமல்லர்.

கடத்தலின் மூன்று கூறுகள்

ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குக் கடத்தலை எல்லா நாட்டு மக்களும் சடங்குகளாற் சிறப்பித்துள்ளனர். இச்சடங்குகளை ஒருங்கு தொகுத்து ஆராய்ந்து, அவற்றின் உள்ளமைப்பு ஒன்றே எனக் காட்டியவர் ஆர்ணல்ட் வான் கெனெப் என்னும் அறிஞர். அவர் 1909 இற் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. சமூகத்தை அவர் பல அறைகளையுடைய ஒரு வீட்டுக்கு ஒப்பிட்டார். மனிதன் ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குச் செல்கின்றான். இடையிலே வாயிற்படி இருக்கின்றது. அப்படியைக் கடத்தற்குரிய சடங்கில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, பழைய நிலையினின்றும் பிரித்தல். இரண்டாவது, அங்குமின்றி இங்குமின்றி வாயிலில் நிற்றலாகிய இடைநிலை. மூன்றாவது, புதிய நிலையிற் சேர்த்தல்.

பிரித்தல், இடைநிலை, சேர்த்தல் என்னும் இம்மூன்றும் முறையாக அமையுமாயின், கடப்பவன் பெரிதும் இடறுவதில்லை. இவற்றுள் யாதேனும் ஒன்று குறையுமாயின், அவன் உடலாற் கடந்தும் உள்ளத்தாற் கடவாதவனாய் நிற்பான். இக்கட்டுரையில் யாம் கூற விழைவது இதுவே.

நம்மவர் வழக்கம்

இவ்வமைப்பினை யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் வழக்கங்களிலே தெளிவாகக் காணலாம்.

திருமணத்தை முதற்கண் நோக்குவோம். பொன்னுருக்கும் நாளிலே மணமக்கள் பழைய நிலையினின்றும் பிரிக்கப்படுகின்றனர். அன்று கன்னிக்கால் ஊன்றப்படும். அந்நாள் முதல் மணநாள்வரை மணமகனும் மணமகளும் ஒருவரையொருவர் காணலாகாது. வெளியே அலைதலும் ஆகாது. அவர்கள் இப்பொழுது முன்போற் பிள்ளைகளுமல்லர், இன்னும் இல்லறத்தாருமல்லர். இடைநிலையில் நிற்கும் அவர்களைச் சுற்றம் காத்து நிற்கின்றது. தாலிகட்டும் அதன் பின்னர்க் கால்மாறிச் செல்லுதல் முதலியனவும் அவர்களைப் புதிய நிலையிற் சேர்க்கின்றன. இரு குடும்பத்தாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணுதல் இச்சேர்ப்பின் அடையாளமாகும்.

மகப்பேற்றினை நோக்குவோம். பிள்ளை பெற்ற தாய்க்கு முப்பத்தொரு நாள் துடக்கு என்பர். துடக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடன் அதனைத் தீட்டு எனக் கருதி இகழ்வோர் உளர். அவ்வழக்கத்திலே தாயை ஒதுக்கிவைக்கும் கூறு இருத்தலை மறுத்தற்கில்லை. ஆயின், அம்முப்பத்தொரு நாளும் அவள் அடுப்படிக்குச் செல்ல வேண்டுவதில்லை. நீர் சுமக்க வேண்டுவதில்லை. சரக்குக் கறியும் பத்திய உணவும் பிறர் ஆக்கித் தருவர். தன் தாயோ மூத்த பெண்ணொருத்தியோ அருகில் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டவும் பாலூட்டவும் பழக்குவாள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வதும் இப்பயன் கருதியே. பிள்ளை பெற்ற பெண்டிருட் சிலர் காரணம் தோன்றாத பெருஞ்சோர்வுக்கு ஆளாதலை இக்கால மருத்துவர் அறிந்துள்ளனர். அதனைக் கண்டறிதற்குப் பத்து வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்து 1987 இல் எடின்பரோவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் வழங்கிவருகின்றது. வினாக்கொத்து நோயைக் காட்டும். அருகிருந்து தாங்குதற்கோ மனிதர் வேண்டும். இலங்கையிலே 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டதிலிருந்து வளர்ந்துவந்த முறையின்படி, குடும்பநல மாது வீடு தேடிவந்து தாயையும் சேயையும் பார்க்கின்றாள். முன்னோர் வழக்கமும் இக்கால மருத்துவமும் ஒரே வாயிற்படியில் வந்து கூடுதலை இங்கே காண்கின்றோம்.

குழந்தையின் வளர்ச்சியைத் தமிழர் எத்துணை நுணுக்கமாக நோக்கினர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சான்றாகும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொதுவாகவும், இறுதி மூன்றும் ஆண், பெண் என்னும் வேறுபாட்டுக்கேற்பவும் அமைய, குழவிப் பருவம் பத்துக் கூறுகளாகப் பகுக்கப்பட்டது. தலையெடுத்து ஆடுதலும் கைகொட்டுதலும் அடியெடுத்து நடத்தலும் அவர்க்குத் தனித்தனிப் பருவங்களாயின. வீட்டு வழக்கிலும் அவ்வாறே. பல் முளைத்தவுடன் குழந்தையின் தலையிற் கொழுக்கட்டை சொரிவர். விசயதசமியிலே ஏடு தொடக்குவர். பச்சையரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிக்கும் அப்பொழுதில், தாயின் மடியிலிருந்த பிள்ளை ஆசிரியரின் மடிக்கு மாறுகின்றது. மடி மாறுகின்றதேயன்றி மடியில்லாது போகவில்லை என்பதை உற்று நோக்குக.

இறப்பும் நாட்கணக்கும்

துணையை முறைப்படுத்தி அமைத்ததில் நம்மவர் சிறப்பு இறப்புச் சடங்கிலேயே மிகுதியும் விளங்குகின்றது. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவரும் உறவினரும் உணவு கொண்டுவருவர். பெண்கள் ஒருவரையொருவர் தழுவியிருந்து ஒப்பாரி சொல்லி அழுவர். ஒப்பாரியிலே இறந்தவரின் வாழ்க்கை முழுவதும் எடுத்துரைக்கப்படும். அழாதிருப்போரையும் அது அழச்செய்யும். எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அதன்மேல் மாசியமும் ஆட்டைத் திவசமும் முறையே வரும். அவற்றின் பின்னரும் தந்தையை இழந்தோர் ஆண்டுதோறும் ஆடியமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பர். ஆடியமாவாசையிற் கீரிமலையிலே தீர்த்தமாடுவோர் தொகை பெரிது.

இந்நாட்கணக்கின் உட்பொருள் யாது? துயரம் ஒரே நாளில் தீருவதன்று என்பதைச் சமூகம் ஏற்றுக்கொள்கின்றது. முதல் வாரத்திலே முழுவதும் அழுவதற்கு இடமுண்டு. முப்பத்தோராம் நாளிலே ஓரளவு தேறுதற்கு ஒரு வரம்புண்டு. ஆண்டு முடிவிலே மீண்டும் உலகியலிற் புகுதற்கு ஓர் இசைவுண்டு. அதன் பின்னரும் ஆண்டுக்கொருமுறை நினைந்து வருந்துதற்கு ஒரு நாளுண்டு. துயருறுவோன் இழப்பை எண்ணி அழுதலும் வாழ்வை மீளக் கட்டுதலும் ஆகிய இரண்டினுக்கும் இடையே மாறிமாறிச் செல்கின்றான் என 1999 இல் ஒல்லாந்து நாட்டு உளநூலாராகிய ஸ்ட்றோப, ஸ்கூட் என்போர் விளக்கினர். அழுதற்கும் எழுதற்கும் தனித்தனி நாள் குறித்த நம் வழக்கம் இவ்விளக்கத்தோடு பெரிதும் ஒத்து நிற்கின்றது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் மக்கள் உற்ற மனவடுவை ஆராய்ந்து எழுதியவர். தனி மனிதன் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் ஒருங்கே வடுப்படும் என்பதும், அவ்வடுவை ஆற்றுதற்குச் சமூகத்தின் வழக்கங்களும் சடங்குகளும் உதவும் என்பதும் அவர் வற்புறுத்திய கருத்துகளாகும்.

சடங்கு மறுக்கப்படும்பொழுது அதன் அருமை விளங்கும். கொள்ளை நோய்க் காலத்திலே, 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரையும், இந்நாட்டில் அந்நோயால் இறந்த யாவரையும் எரித்தல் வேண்டும் என்னும் கட்டளை நடைமுறையில் இருந்தது. புதைத்தலைச் சமயக் கடனாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் உற்ற துயரம் சொல்லுந்தரத்ததன்று. உயிரிழப்பாகிய துயரின்மேல், முறைப்படி வழியனுப்ப இயலாமையாகிய துயரும் அவர்களுக்குச் சேர்ந்தது.

இடைநிலையின் சிறப்பு

மூன்று கூறுகளுள்ளும் இடைநிலையே பலராலும் எளிதாக எண்ணப்படுவது. ஆயின் அதுவே வளர்ச்சிக்கு நிலைக்களம். விக்டர் டர்னர் என்னும் மானிடவியலறிஞர் ஆபிரிக்காவிலே இன்றைய சாம்பியா நாட்டில் வாழும் நிதெம்பு மக்களிடையே தங்கி அவர்தம் சடங்குகளை ஆராய்ந்தார். இடைநிலையில் நிற்போரிடையே பட்டமும் பதவியும் செல்வமும் மறைந்துபோக, யாவரும் ஒப்பர் என்னும் தோழமை அரும்புகின்றது என 1969 இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். இதனை விளங்கிக்கொள்ள நாம் ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை பாதயாத்திரை செல்லும் அடியாரைக் காண்க. அக்கூட்டத்திலே வழக்கறிஞரும் உளர், உழவரும் உளர். யாவரும் ஒருவரையொருவர் சாமி என்றே அழைப்பர். ஒரே நிழலில் உறங்குவர். ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்பர். வீட்டை விட்டுப் புறப்பட்டு இன்னும் கோயிலை அடையாத அவ்விடைவழியிலேயே அவர் உள்ளம் பக்குவப்படுகின்றது.

இடைநிலைக்குக் காலமும் துணையும் வேண்டும். இக்காலத்திலே நாம் சடங்கின் முதலையும் முடிவையும் பெருக்கி, நடுவினைச் சுருக்கிவிட்டோம். பூப்பு நீராட்டினை எடுத்துக்கொள்வோம். முன்னாளிலே சிறுமி சில நாள் தனித்திருக்க, மாமியரும் பேத்தியரும் அவளைச் சூழ இருந்து, நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் ஊட்டி, உடலில் நேர்ந்த மாற்றத்தின் பொருளை அவளுக்கு உரிய முறையில் அறிவித்தனர். அவர் அறிவித்தவற்றுள் அச்சமூட்டுவனவும் பிழைபட்டனவும் கலந்திருந்தன. எனினும் அறிவிப்போர் இருந்தனர். இன்று மண்டபமும் மாலையும் நிழற்படமும் மிகுந்துள்ளன. விழா முடிந்தபின், தன்னுள் நிகழ்வது யாது என வினவுதற்கு ஒருவரும் இல்லாது அச்சிறுமி தனித்திருப்பாளாயின், அவ்விழாவினால் அவள் பெற்ற பயன் யாது?

மறுகரை இல்லாக் கடத்தல்

நம் வழக்கத்தின் நிறைவினைக் கூறிய யாம் அதன் குறையினையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். கணவனை இழந்த பெண்ணுக்குச் செய்யும் சடங்கினை மேற்கூறிய மூன்று கூறுகளோடு பொருத்திப் பார்க்குக. தாலி களையப்படுகின்றது, பொட்டும் பூவும் நீக்கப்படுகின்றன. இது பிரித்தல். அதன்பின் அவள் மங்கல நிகழ்ச்சிகளில் முன்னிற்றல் ஆகாது என ஒதுக்கப்படுகின்றாள். இது இடைநிலை. மூன்றாவதாகிய சேர்த்தல் எங்கே? இறந்த கணவனை அந்தியேட்டி பிதிரரோடு சேர்க்கின்றது. உயிரோடிருக்கும் மனைவியைச் சமூகத்தோடு சேர்க்கும் சடங்கோ இல்லை. அவள் தன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வாயிற்படியிலேயே நிற்கின்றாள். தன் வயிற்றிற் பிறந்த மகளின் மணவறையிலும் அவள் பின்வரிசையில் நிற்கின்றாள். போர் முடிவுற்ற 2009 இன் பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பப் பொறுப்பைத் தனித்துத் தாங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கினர். தோட்டம் செய்தும் தையல் தைத்தும் பிள்ளைகளைக் கற்பித்து ஆளாக்கிய அவர்களை அமங்கலர் என்பது அறமாகாது. வழக்கம் முழுமை பெறவேண்டுமாயின், விடுபட்ட மூன்றாம் கூறு சேர்க்கப்படல் வேண்டும்.

முதற்கரை இல்லாக் கடத்தல்

இதற்கு நேர்மாறாக, முதற் கூறாகிய பிரித்தலே நிகழாத நிலையும் ஒன்றுண்டு. காணாமற் போனோரின் குடும்பத்தார் நிலை அதுவாகும். 1970 களிலே வியட்நாம் போரிற் காணாமற் போன படைவீரரின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பெண்மணி போலீன் பொஸ் என்பார், இதனைத் தெளிவிலா இழப்பு எனப் பெயரிட்டு, 1999 இல் அப்பொருள்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உடல் இல்லை, ஆயின் உள்ளத்தில் ஆள் இருக்கின்றான். அழுதால் அவனை இறந்தவனாக்குவது போலாகும். அழாதிருந்தால் நெஞ்சு வெடிக்கும். இவ்வாறு துயரம் உறைந்து நிற்கின்றது என்பது அவர் விளக்கம்.

உடல் கிடையாதவிடத்துத் தருப்பையால் உருச்செய்து ஈமக்கடன் ஆற்றும் முறை நம் நூல்களில் உண்டு. கடலில் மாண்டான் என உறுதியாகத் தெரிந்தவிடத்து அம்முறை ஆறுதல் தரும். இறந்தானோ இருக்கின்றானோ எனத் தெரியாதவிடத்து அதனைச் செய்ய எத்தாய்க்கு மனம் வரும்? 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிற் கந்தசுவாமி கோயில் முன்றிலில் அத்தாய்மார் தொடர்ந்து அமர்ந்து தம் பிள்ளைகளைப்பற்றிய உண்மையை வேண்டினர். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் காணாமற் போனோர் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்குச் சான்றிதழ் வழங்கும் முறையும் அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. சொத்து, வங்கி, உதவிப்பணம் முதலிய காரியங்களுக்கு அச்சான்றிதழ் பயன்படும். நெஞ்சுக்கு வேண்டுவதோ உண்மை. உண்மை தெரியும்வரை அக்குடும்பத்தாரை நோக்கி, மறந்துவிடுக என்றோ, திவசம் செய்துவிடுக என்றோ கூறுதல் ஆறுதலாகாது. அவர்களோடு உடனிருந்து, காத்திருத்தலையே ஒரு நிலையாக மதித்தல் வேண்டும்.

பெயரில்லாக் கடத்தல்கள்

மேற்கூறியவற்றுக்கேனும் பெயருண்டு. பெயரும் சடங்கும் இல்லாத கடத்தல்கள் இக்காலத்தில் மிகப்பல. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை எழுதியவருட் சிறு பகுதியினரே அரச பல்கலைக்கழகங்களிற் புகுகின்றனர். பெறுபேறு வெளிவரும் நாள்வரை மாணவன் என்னும் பெயர் பெற்றிருந்த ஏனையோர் மறுநாளே பெயரற்றவராகின்றனர். பதின்மூன்றாண்டு அவர்களை வரிசையில் நிறுத்திய கல்லூரி மணி அன்று அவர்களுக்காக ஒலிப்பதில்லை. புகும்பொழுது ஏடு தொடக்கி வரவேற்ற சமூகம், வெளியேறும்பொழுது அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதில்லை. ஒரு மாலைத் தேநீர் விருந்தும் சில நிழற்படங்களுமே அவர்கள் பெறும் பிரியாவிடை.

புலம்பெயர்தல் மற்றொன்று. 1983 இன் பின்னர்க் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, அவுத்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றோர் பலர். சென்றவர் ஒரு கடத்தலையும், ஊரிலே தங்கிய பெற்றோர் மற்றொரு கடத்தலையும் எதிர்கொண்டனர். பிள்ளைகள் அனுப்பிய பணத்தாற் கட்டிய மாடிவீட்டிலே முதியவர் இருவர் தனித்திருக்கும் காட்சி நம் ஊர்களில் அரிதன்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமையைக் காக்க இயற்றப்பட்டது. பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் கடப்பாட்டை அது வற்புறுத்துகின்றது. பேச்சுத்துணையைச் சட்டம் தருதல் இயலாது.

ஓய்வு பெறுதல் பிறிதொன்று. அறுபது ஆண்டு நிறைந்தார்க்கு மணிவிழா எடுக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாகிய அறுபது ஆண்டு வட்டம் ஒருமுறை சுழன்று முடிய, ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருகின்றது. மனைவிக்கு மீண்டும் தாலி கட்டுதல் புதுவாழ்வின் தொடக்கத்தைக் குறிக்கும். முதுமையை முடிவாகக் கருதாது தொடக்கமாகக் கொண்ட கருத்து இதில் அடங்கியுள்ளது. ஆயின், விழா முடிந்த மறுநாட் காலையில் எங்கே செல்வது, யாருக்குப் பயன்படுவது என்னும் வினாவுக்கு விடை காணப்படாவிடின், அது வெறும் விருந்தாகவே முடியும்.

முழு மனிதனும் துணையும்

தைத்திரீய உபநிடதம் மனிதனை உணவாலாகிய உடல், உயிர்ப்பு, மனம், அறிவு, ஆனந்தம் என ஐந்து கோசங்களாக விளக்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் பேணி ஏனையவற்றைக் கைவிடின் வளர்ச்சி ஊனமுறும். நல்ல சடங்கின் சிறப்பு யாதெனின், அது முழு மனிதனையும் ஒருங்கே தாங்குதலாகும். எண்ணெய் முழுக்கும் பத்தியமும் உடலைத் தாங்கும். ஒப்பாரியும் வாழ்த்தும் மனத்தைத் தாங்கும். மூத்தோர் உரை அறிவைத் தாங்கும். வழிபாடு உயிரைத் தாங்கும். சுற்றம் இவை யாவற்றையும் சூழ்ந்து தாங்கும். இக்காலத்தில் இப்பணிகள் தனித்தனித் துறையாராற் செய்யப்படுகின்றன. மருத்துவர் உடலையும், உளவளத்துணையாளர் மனத்தையும், ஆசிரியர் அறிவையும் பார்க்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்யினும், முழு மனிதனைப் பார்ப்பார் ஒருவர் வேண்டும். அவ்வொருவர் பெரும்பாலும் நண்பராகவோ அயலவராகவோ ஆசிரியராகவோ இருப்பர்.

சுற்றத்தாரால் எல்லாம் ஆகும் என்பதும் தவறே. நெடுநாள் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, உயிர்வாழ விருப்பமின்மை ஆகியன தோன்றுமிடத்து உளமருத்துவரை நாடுதல் வேண்டும். மனமுடைந்தோர் கூறுவதைப் பொறுமையோடு கேட்டற்கென 1974 இல் இலங்கையில் நிறுவப்பட்ட சுமித்திரயோ போன்ற அமைப்புக்களும் உள. அவர்களை நாடுதல் நாணத்தக்கதென எண்ணுவோர், காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணுவதில்லை.

கல்லூரி செய்யத்தக்கன

பெருந்திட்டங்களைக் கூறுதல் எளிது, செய்தல் அரிது. ஆதலின், ஒரு கல்லூரி தன் எல்லைக்குள் எளிதிற் செய்யக்கூடிய நான்கினை மட்டும் ஈண்டு கூறுவாம்.

முதலாவது, ஆறாம் வகுப்பிற் புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் மேல்வகுப்பு மாணவன் ஒருவனை முதலாண்டு முழுவதும் துணையாக அமர்த்தலாம். புதியவன் வழி அறிவான். மூத்தவன் பொறுப்பு அறிவான்.

இரண்டாவது, உயர்தரப் பெறுபேறு வெளிவந்த பின்னர் ஓராண்டுவரை, வகுப்பாசிரியர் தம் மாணவர் ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கண்டு பேசலாம். பல்கலைக்கழகம் புகுந்தவரைப் பாராட்டுவோர் பலர் உளர். புகாதவரைத் தேடிச் செல்வோரே வேண்டும். தொழில் அறிந்த பழைய மாணவர் இதில் ஆசிரியர்க்குத் தோள் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஓய்வு பெற்ற ஆசிரியரையும் பழைய மாணவரையும் மாலை வகுப்பு, நூலகம், தோட்டம் ஆகியவற்றில் வாரம் ஒரு நாளேனும் ஈடுபடுத்தலாம். பெறுவோர்க்குக் கல்வியும், தருவோர்க்கு மறுநாட் காலைக்கு ஒரு பயனும் கிடைக்கும்.

நான்காவது, பரிசளிப்பு விழாவிலும் வாணி விழாவிலும் மங்கல விளக்கேற்றும் பொறுப்பை, கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்த தாய் ஒருவர்க்கு ஆண்டுதோறும் அளிக்கலாம். காத்திருக்கும் தாயொருவர் இசைவாராயின் அவரையும் அழைக்கலாம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. மண்டபம் புதிதாகக் கட்ட வேண்டுவதில்லை. முன்வரிசையில் ஓர் இருக்கையும், கையிலே ஒரு திரியும், அதனை ஏற்றும் உரிமையுமே வேண்டுவன. வாயிற்படியிலே நெடுங்காலம் நின்ற ஒருத்தி மாணவர் யாவரும் காண அகத்தே அழைக்கப்படுவாள். அதனைக் கண்ட மாணவன் தன் வீட்டு மங்கல நிகழ்ச்சியிலே தன் தாயையும் பாட்டியையும் முன்னிறுத்தத் தயங்கான். நூற்றாண்டுகளாக விடுபட்டிருந்த மூன்றாம் கூறு இவ்வாறே நம் வழக்கத்திற் சேரும்.

கடத்தல் யாவர்க்கும் வரும், விலக்குதற்கில்லை. துணை மட்டும் தானாக வருவதன்று; ஒருவர் எழுந்து சென்று தரவேண்டுவது. இன்று தாங்குவோன் நாளை தாங்கப்படுவான் என்பதை உணர்ந்து, ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் அருகில் வாயிற்படியில் நிற்போர் யாவர் என நோக்குவாராக.